பிள்ளைக் காம்பராவும் பகலுறக்கமும்

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்வையிட வரும் கனவான்களும் சீமாட்டிகளும் ஒரு காட்சியைக் கண்டதும் தவறாது மனநிறைவு கொள்கின்றனர். உச்சிவேளை. சுவரிலே வர்ணம் தீட்டிய யானையும் மயிலும். உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். கீழே பாயில் வரிசையாகக் கிடத்தப்பட்ட சற்றுப் பெரிய பிள்ளைகள். எங்கும் ஒரு சத்தமில்லை. "எவ்வளவு அமைதி!" என்று வியந்து, வருகையாளர் புத்தகத்தில் நல்ல வார்த்தை நாலு எழுதிக் கையொப்பமிட்டுச் செல்கின்றனர். அந்த அமைதி எவ்வாறு உண்டாக்கப்பட்டது, எவருடைய நன்மைக்காக உண்டாக்கப்பட்டது என்று அவர்கள் கேட்பதில்லை. நாம் கேட்க விரும்புகின்றோம்.

சிலர் நகைக்கக்கூடும். சம்பளப் பிரச்சினை இருக்கின்றது, வீட்டுப் பிரச்சினை இருக்கின்றது, காணிப் பிரச்சினை இருக்கின்றது; இவையெல்லாம் இருக்கக் கைக்குழந்தையின் பகல் தூக்கமா ஒரு முற்போக்குச் சஞ்சிகைக்கு விடயமாயிற்று என்பர். இதனைத் தோட்டத் துரைத்தனம் கேட்குமாயின் நாம் பேனாவைத் தொட்டிருக்க மாட்டோம். எம்மோடு ஒரே மேடையில் நிற்பவர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, மேதின ஊர்வலத்தில் எம்முடன் நடப்பவர்களே கேட்கின்றனர். ஆகையாற்றான் இதனை எழுத வேண்டியதாயிற்று.

முதலில் உறக்கத்தைப் பற்றிச் சில கூறுவோம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல், மூன்று மாதம் வரையுள்ள சிசுவுக்கு நாளொன்றுக்கு 14 முதல் 17 மணித்தியாலமும், நான்கு முதல் பதினொரு மாதம் வரையுள்ள குழந்தைக்கு 12 முதல் 16 மணித்தியாலமும் நல்லுறக்கம் வேண்டும் என்கின்றது. பகலுறக்கத்தையும் சேர்த்த கணக்கு இது. இத்தனை மணித்தியாலத்தை இரவு ஒன்றினால் மட்டும் நிரப்பிவிட இயலாது. பிள்ளை காம்பராவிலே கழிக்கும் பகலின் கணிசமான பகுதி உறக்கமாக இருந்தே ஆகவேண்டும்.

ஆனால் அந்த உறக்கம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வேளையில் வருவதில்லை. பிறந்த சில கிழமைகளில் குழந்தைக்கு இரவு பகல் என்ற பேதமே கிடையாது. உடலின் உள்ளே இயங்கும் மணிக்கூடு இரண்டு மூன்று மாதங்களிலேதான் மெல்ல மெல்ல ஓடத் தொடங்குகின்றது. மூன்று மாதப் பிள்ளை பகலில் நாலு தடவை உறங்கும். ஒன்பது மாதப் பிள்ளைக்கு இரண்டு தடவை போதும். ஒன்றரை வயதுப் பிள்ளை பெரும்பாலும் மதியத்தில் ஒரே நீண்ட உறக்கத்துடன் நின்றுவிடும். ஒரு காம்பராவிலே இம்மூவரும் ஒருங்கே இருப்பர். மூவருக்கும் மூன்று மணிக்கூடு. சுவரிலே தொங்குவதோ ஒன்று. கண்ணைக் கசக்குதல், காதைப் பிடித்து இழுத்தல், காட்டிய பொம்மையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகிய சைகைகளால் தனக்கு உறக்கம் வருவதைக் குழந்தை தெரிவிக்கின்றது. அதனைக் காணக் கண் வேண்டும். கண்டதும் தூக்கக் கை வேண்டும். அந்தச் சில நிமிடம் தப்பினால் களைப்பு மிகுந்து வீறிட்டு அழும் பிள்ளையை உறக்குவது எவ்வளவு பாடு என்பதைத் தாய்மார் அறிவர்.

ஆசிரிய நண்பர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2015இல் ஜேர்மனிய, ஆங்கில ஆய்வாளர் சிலர் ஆறு மாதக் குழந்தைகளுக்கும் பன்னிரண்டு மாதக் குழந்தைகளுக்கும் பாவைப் பொம்மையொன்றின் கையுறையைக் கழற்றிக் காட்டினர். அதன்பின் நாலு மணித்தியாலத்துக்குள் அரை மணி நேரமாவது உறங்கிய குழந்தைகள் கண்டதை நினைவில் வைத்துத் தாமும் செய்ய முயன்றன, உறங்காதவை மறந்துபோயின. விழித்திருக்கும்போது கற்றதை உறக்கத்திலே பதித்துக்கொள்ளும் உயிர் அது. எனவே ஐந்து வயதில் அரிவரி வகுப்புக்கு வந்து எம்முன் அமரும் பிள்ளையின் கல்வி ஐந்து வயதிலே தொடங்குவதில்லை, தொட்டிலிலே தொடங்கியிருக்கின்றது. தோட்டத்துப் பிள்ளை மந்தம் என்று ஆசிரியர் ஓய்வறையில் அலட்சியமாகப் பேசுவோர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.

குழந்தைக் காப்பகம் என்ற நிறுவனம் குழந்தைக்காகப் பிறந்ததா? வரலாறு அவ்வாறு கூறவில்லை. கைத்தொழிற் புரட்சி இங்கிலாந்தின் பெண்களை ஆலைக்குள் இழுத்தபோது, அவர்கள் விட்டுவந்த குழந்தைகள் அயல்வீட்டுக் கிழவியரிடம் அற்பக் கூலிக்கு ஒப்படைக்கப்பட்டன. பத்துக் குழந்தையை ஒரு கிழவி எவ்வாறு உறங்கவைப்பாள்? கோட்பிரியின் கோர்டியல் என்ற பெயரில் அபினும் சர்க்கரைப் பாகும் கலந்த மருந்து கடைகடையாக விற்கப்பட்டது. ஒரு கரண்டி போதும். பிள்ளை மாலைவரை கண்விழியாது. சில என்றைக்குமே கண்விழிக்கவில்லை. எங்கெல்ஸ் 1845இல் எழுதிய ஆங்கிலத் தொழிலாளர் நிலை பற்றிய நூலிலே இதனைக் கண்டித்திருக்கிறார். 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற் பாகத்திலே, அரசாங்க வைத்திய அறிக்கைகளையே சான்றாகக் கொண்டு, தாய் ஆலைக்குச் செல்வதற்கும் குழந்தைக்கு அபின் ஊட்டப்படுவதற்கும் உள்ள தொடர்பை மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். தோழர்கள் மூலதனத்தைப் படித்தபோது இப்பக்கத்தையும் படித்தார்களா என்று கேட்க எமக்கு ஆசை. தூரத்து இங்கிலாந்துக்கும் போக வேண்டியதில்லை. 1920களிலே பம்பாயின் பஞ்சாலைப் பெண்களின் நிலையை ஆராய்ந்த வைத்தியரும் ஆலைப் பெண்களின் குழந்தைகளுக்கு அபின் உருண்டை கொடுக்கும் வழக்கம் பரவியிருந்ததைப் பதிவுசெய்தார்.

பாரிஸ் நகரில் 1844இல் மார்போ என்பவர் முதலாவது காப்பகத்தைத் திறந்தார். அவர் இரக்கமுள்ள மனிதர். அதனை நாம் மறுக்கவில்லை. அவர் அதற்கிட்ட பெயர் கிறெஷ்; மாட்டுத் தொழுவத்திலே தீனி போடும் தொட்டிக்குரிய சொல். யேசு பாலனைக் கிடத்திய தொட்டியை நினைந்து இட்டாராம். நினைத்தது எதுவாயினும், முதலாளித்துவம் அச்சொல்லின் முதற் பொருளையே பற்றிக்கொண்டது. தாயின் இரு கைகளையும் விடுவிப்பதற்காகப் பிள்ளையைக் கட்டிப்போடும் இடமாகக் காப்பகம் ஆயிற்று. எமது பிள்ளைக் காம்பரா அதே வம்சத்தின் வாரிசு. லயன் காம்பராவுக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் பெயர் ஒன்று. பெருந்தோட்டத்தின் கணக்கிலே நோக்கமும் ஒன்றே. கொழுந்து பறிக்கும் விரல்களைப் பாதுகாத்துவைக்கும் அறைகள் அவை. இந்நாளில் அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்ற புதுப் பெயர் இடப்பட்டுள்ளது. சில தோட்டங்களில் கட்டடமும் பயிற்சியும் உண்மையாகவே திருந்தியுள்ளன. அதனை ஒளித்துப் பேசுவது நேர்மையன்று. ஆயின் சுவரின் வர்ணம் மாறிய அளவுக்கு மணிக்கூடு மாறவில்லை.

அந்த மணிக்கூட்டை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் தாயைப் பின்தொடர வேண்டும். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் இயற்றப்பட்டது. அதன்படி தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்குரிய விடுமுறை பன்னிரண்டு கிழமை. அதிலே இரண்டு கிழமை பேற்றுக்கு முன்னர், பத்துக் கிழமை பின்னர். இரண்டு பிள்ளைகள் இருக்கையில் மூன்றாவது பிறந்தால் அதிலும் பாதியே என்ற அநீதியை நீக்க 2018ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதனை வாசிக்கும் அரசாங்க ஆசிரியைக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாளும், வேண்டுமாயின் அதன்மேல் அரைச் சம்பளத்துடன் இன்னும் 84 நாளும் உண்டு. அந்த ஆசிரியைக்கு அது கூடாதென்று நாம் சொல்லவில்லை. அது கிடைத்தது சரி. கொழுந்தெடுப்பவளின் பிள்ளை மட்டும் எழுபதாவது நாளில், அதாவது அதன் உள்மணிக்கூடு அப்போதுதான் அசையத் தொடங்கும் வேளையில், ஏழு மணிக்கு முன்னரே குளிரிலே தூக்கிச் செல்லப்பட்டு வேறொருத்தியின் மடியில் வைக்கப்படுவது எந்த நியாயம்?

சட்டம் இன்னொன்றையும் தந்திருக்கின்றது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு வேலைநாளில் இரண்டு இடைவேளை. காப்பக வசதியிருப்பின் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமலும், இல்லையேல் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். ஏட்டிலே இது நல்ல சட்டம். இனி மலைக்கு வருவோம். கொழுந்து மலை காம்பராவுக்கு அருகில் இருக்குமென்று எந்தச் சட்டமும் உறுதி தரவில்லை. இன்றைக்கு ஒரு மலை, நாளைக்கு மற்றொரு மலை. ஏற்றமும் இறக்கமுமான ஒற்றையடிப் பாதை; மழைக்காலமாயின் வழுக்கலும் அட்டையும். போகக் கால் மணி, வரக் கால் மணி என்று நடந்தே அரை மணித்தியாலம் தீர்ந்துபோகலாம். இதற்கிடையில் நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்ற நியமம் தலைக்குமேல் தொங்குகின்றது. அது குறைந்தால் அரைப்பேர். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தபோதும், 2024இல் அடிப்படை 1,350 ரூபாவாக உயர்ந்தபோதும், முழுப்பேர் பெறுவதற்கான கிலோக் கணக்கு பற்றிய இழுபறி ஓய்ந்ததில்லை. பாலூட்டப் போன நேரத்தில் பறிபடாத கொழுந்தைத் தராசு மன்னிப்பதில்லை.

இங்கேதான் உறக்கத்தின் பிரச்சினை வருகின்றது. தாய் பத்து மணிக்கு ஓடோடி வருகின்றாள். பிள்ளை பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் கண்ணயர்ந்திருக்கின்றது. எழுப்பிப் பாலூட்டுவதா, உறங்கவிட்டுப் பால் கட்டிய மார்போடு திரும்புவதா? எழுப்பினால் அரைத்தூக்கத்தில் பிள்ளை சரியாகக் குடியாது. தாய் போனபின் அழுது மற்றப் பிள்ளைகளையும் எழுப்பும். எழுப்பாவிட்டால் தாய் சென்று கால் மணியில் பசித்து விழிக்கும். அப்போது தாயின் மார்பு எங்கோ ஒரு மலைச்சரிவில் சேலைக்குள் நனைந்துகொண்டிருக்கும். நாளடைவில் தாய்க்குப் பால் குறையும், புட்டிப்பால் புகும், கடைக்காரனின் கணக்குப் புத்தகத்தில் மாவுப் பேணி ஏறும். ஆகவே ஆயா ஒரு தந்திரம் செய்கின்றாள். தாய் வரும் வேளைக்குப் பிள்ளை விழித்திருக்கும்படி முன்னரே உறங்கவிடாது வைத்திருக்கின்றாள்; மதியத்தில் எல்லோரையும் ஒருசேர உறக்கிவிடுகின்றாள். இதில் அவள் கொடுமைக்காரி அல்லள். கங்காணியின் மணிக்கூட்டைக் குழந்தையின் உடம்பிலே கட்டும் வேலை அவள்மீது சுமத்தப்பட்டிருக்கின்றது, அவ்வளவே.

ஆயாவைப் பழிப்பது எல்லோருக்கும் எளிது. பட்டணத்துச் சீமாட்டி பழிக்கின்றாள். வெளிக்கள உத்தியோகத்தர் பழிக்கின்றார். சில வேளை தாய்மாரே மனம் நொந்து பழிக்கின்றனர். ஒரு பகலை எண்ணிப் பாருங்கள். அவளே கூட்டுகின்றாள், அவளே துணி அலசுகின்றாள், அவளே கஞ்சி காய்ச்சுகின்றாள், மலம் சலம் அவளே துடைக்கின்றாள், பதிவேடும் அவளே எழுதுகின்றாள். மூன்று தொட்டில் ஆட ஒன்று அழ, அதனைத் தூக்கினால் நாலாவது விழிக்க, இதற்கு நடுவே அடுப்பிலே கஞ்சி பொங்குகின்றது. பன்னிரண்டு மணிக்கு எல்லாப் பிள்ளையும் ஒருமிக்க உறங்கினாலன்றி அவளால் ஒரு வாய் சோறு உண்ண இயலாது. இங்கிலாந்தின் காப்பகச் சட்டப்படி இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும். உறங்கும் குழந்தையை இடையிடையே சென்று மூச்சும் உடற்சூடும் பார்ப்பதும் அங்கே கடமை. அந்த மூன்று குழந்தைகளின் பெற்றோர் காலையில் அருந்தும் தேநீரிலே எமது மலையின் கொழுந்தும் கலந்திருக்கின்றது. கொழுந்துக்கு உலகத்தரம் கேட்கின்றார்கள். அதனைப் பறித்தவளின் பிள்ளைக்குத் தரம் கேட்பார் யார்?

தொட்டிலைப் பற்றியும் பேச வேண்டும். இதிலே பழமைவாதிகள் ஒரு பக்கமும் அரைகுறை விஞ்ஞானிகள் ஒரு பக்கமுமாக நின்று கூச்சலிடுகின்றனர். குழந்தையை மல்லாத்தி, உறுதியான சமதளத்தில், தலையணையும் தடித்த போர்வையும் இன்றிக் கிடத்த வேண்டும் என்பது இன்று ஐயத்துக்கிடமற்ற உண்மை. 1991இல் இங்கிலாந்திலும் 1994இல் அமெரிக்காவிலும் இதனைத் தாய்மாருக்கு எடுத்துரைக்கும் இயக்கம் தொடங்கிய பின்னர், காரணம் தெரியாமல் உறக்கத்திலே நிகழும் திடீர்ச் சிசு மரணம் அந்நாடுகளில் பாதிக்குமேல் குறைந்தது. அமெரிக்காவிலே 2000இல் வெளிவந்த ஆய்வொன்று இத்தகைய மரணங்களில் ஏறக்குறைய ஐந்திலொன்று பிறர் பராமரிப்பில் இருக்கும்போதே நிகழ்ந்தது என்று காட்டியது. வீட்டிலே மல்லாந்து உறங்கிப் பழகிய பிள்ளையைக் காப்பகத்திலே குப்புறக் கிடத்துவதில் பேராபத்து உண்டு என்பதும் தெளிவாயிற்று. இந்த அறிவுக்கு விலையில்லை. வாயால் சொன்னால் போதும். எத்தனை ஆயாமாருக்கு இது அவர்களுடைய சொந்த மொழியிலே, ஏன் எதற்கு என்ற விளக்கத்துடன் சொல்லப்பட்டிருக்கின்றது?

சேலைத் தொட்டில் எம் பாட்டிமாரின் கொடை; அதன் ஆட்டம் தாயின் நடையை நினைவூட்டுவது; அதனை எவரும் இகழவேண்டாம். எனினும் மிகச் சிறிய சிசு அதில் கிடக்கும்போது முதுகு வளைந்து நாடி மார்பிலே படியலாம், துணியின் இரு விளிம்பும் முகத்தின்மேல் கூடலாம், அவ்வேளை மூச்சு முட்டலாம். யாழ்ப்பாணத்து வீட்டின் ஏணையிலே பிள்ளை உறங்கும்போது பக்கத்தில் ஆச்சி பாக்கு இடித்துக்கொண்டிருப்பாள். அவளுடைய ஒரு கண் எப்போதும் ஏணைமேல் இருக்கும். பிள்ளைக் காம்பராவில் பத்து ஏணைக்கு ஒரு கண். பழமை பேசுவோர் ஏணையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஆச்சியை மறந்துவிடுகின்றனர். மறுபுறம், தொட்டிலை அவிழ்த்தெறி என்று சுற்றுநிருபம் அனுப்புவோர் அதற்குப் பதில் என்ன தருகின்றார்கள்? கடல்மட்டத்துக்கு ஆயிரத்தெண்ணூறு மீற்றர் மேலே, பனி இறங்கும் நுவரெலியாப் பக்கத்திலே, ஈரம் கசியும் சீமெந்துத் தரையில் பாயை விரித்து எழுபது நாட் பிள்ளையைக் கிடத்து என்பதா விஞ்ஞானம்? தட்டையான மெத்தையுடன் சிறு கட்டிலைத் தரட்டும். அதன்பின் தொட்டிலை அவிழ்க்கும்படி சொல்லட்டும்.

சோசலிச நாடுகளிலே எல்லாம் சரியாக இருந்தது என்று கூறி இவ்விடயத்தை முடித்துவிட விரும்பும் நண்பர்களும் உளர். அவர்களோடும் நாம் முழுதும் உடன்பட முடியாது. 1917 புரட்சிக்குப் பின்னர் சோவியத் அரசு பெண்ணை அடுக்களையிலிருந்து விடுவிக்கும் பெருநோக்குடன் காப்பகங்களை நாடெங்கும் கட்டியது. ஒரு வயதுக்குட்பட்டோருக்கு வயதுக்கேற்ற தனித்தனி உறக்க அட்டவணையையும் அங்குள்ள குழந்தை மருத்துவ அறிஞர் வகுத்தனர். இலாபக் கணக்கற்ற காப்பகம் எத்தகையது என்பதை உலகம் அங்கேதான் பெருமளவிலே கண்டது. ஆனால் பெரிய பிள்ளைகள் எல்லோரும் ஒரே வேளையில் அசையாமல் படுத்திருக்க வேண்டிய மதிய நேரத்துக்கு ருஷ்ய மக்கள் இட்ட பெயர் "செத்த மணி". மக்கள் சும்மா பெயர் வைப்பதில்லை. அட்டவணை எவ்வளவு நல்லதாயினும் குழந்தைக்கு மேலே அது நிற்குமாயின் அங்கே ஏதோ ஒன்று செத்துத்தான் போகின்றது.

இன்னொரு முன்மாதிரியும் உண்டு. இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்தபின் 1946இல் ஹங்கேரியின் புடாபெஸ்ற் நகரில் எமி பிக்லர் என்ற வைத்தியப் பெண்மணி, பெற்றோரின் அரவணைப்பிழந்த குழந்தைகளுக்காக லோட்சி வீதியில் ஓர் இல்லத்தை நடத்தத் தொடங்கினார். யுத்தம் தின்ற வறிய நாடு அது. பணம் பெருகிய இடத்தில்தான் இவையெல்லாம் நடக்கும் என்ற சமாதானத்துக்கு அங்கே இடமில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் அதனை நன்கறிந்த ஒரு பராமரிப்பாளர். ஊட்டும்போதும் கழுவும்போதும் அவசரமின்றி அப்பிள்ளை ஒன்றையே நோக்கும் கவனம். அந்தக் கவனத்தால் நிறைவுற்ற பிள்ளை பின்னர் தானாக விளையாடும், களைத்தபோது தானாக உறங்கும். நல்ல காற்றுப்படத் திறந்தவெளியிலே கட்டிலிட்டு உறங்கவைத்தனர். ஒவ்வொரு பிள்ளையும் எப்போது உறங்கிற்று, எப்போது விழித்தது என்பதை எழுதிவைத்து, அந்தக் குறிப்பிலிருந்து பிள்ளைக்கு ஏற்ற ஒழுங்கைக் கண்டனர். அனாதை இல்லத்துப் பிள்ளைகளென்றால் வளர்ச்சி குன்றியே தீரும் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலத்தில் அங்குள்ள பிள்ளைகள் நன்றாக வளர்ந்தன. மேல்நாட்டுப் பணக்காரர் சிலர் இன்று பிக்லரின் பெயரால் விலையுயர்ந்த காப்பகம் நடத்துகின்றனர் என்பது வேறு கதை. அவர் தம் பணியைத் தொடங்கியது எவருமற்ற குழந்தைகளிடையே.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பெருகிவரும் பகற் பராமரிப்பு நிலையங்கள் இதனைவிட மேலா என்று சிலர் கேட்பர். மேலல்ல. பெற்றோரின் மாதக் கட்டணம் அங்கே துரையின் இடத்தில் நிற்கின்றது. "மகன் இரண்டு மணித்தியாலம் நித்திரை கொண்டார்" என்று மாலையில் தாய்க்குச் சொன்னால் அது நல்ல நிலையம். உறங்க வைப்பதற்காகத் தடிமன் மருந்தைக் கொஞ்சம் கொடுத்தால் என்ன என்று எண்ணுவோர் வீட்டிலும் உளர், வெளியிலும் உளர். மயக்கந்தரும் அத்தகைய பாணி மருந்துகள் சிசுவின் மூச்சையே மந்தமாக்கவல்லவை. போத்தலின் பெயர் மாறியிருக்கின்றது, கோட்பிரி மாறவில்லை.

இனி, சம்பளம் முதலில், உறக்கம் பின்னர் என்ற தோழர்களுக்கு வருவோம். இரண்டையும் பிரித்தது யார்? நியமக் கிலோ குறையுமென்ற அச்சமின்றித் தாய் காம்பராவுக்கு வரமுடியாதிருப்பது சம்பளப் பிரச்சினை. ஒரு காம்பராவுக்கு ஓர் ஆயா என்பது ஆளணிப் பிரச்சினை. ஆளணி என்பது நிர்வாகத்தின் செலவுக் கணக்கு. பெண்ணின் உழைப்பு மலிவாக இருப்பதற்குக் காரணம் அவளுடைய பிள்ளையைப் பேணும் செலவு அதிலே சேர்க்கப்படாதிருப்பதே. அச்செலவைப் பிள்ளை தன் உறக்கத்தாற் கட்டுகின்றது. கூட்டு ஒப்பந்தங்கள் நடைமுறையில் இருந்த காலத்திலே சம்பளத்துக்காகப் பேசிய தலைவர்கள் பாலூட்டும் நேரத்துக்காக எத்தனை முறை மேசையைத் தட்டினர்? அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தோரில் கைக்குழந்தையை விட்டுவந்த பெண் எத்தனை பேர்? கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்கள். சந்தாப் பணமும் அவர்கள் பேரிலேயே அறவிடப்படுகின்றது. மேடையிலே மட்டும் வேட்டிகள்.

நாம் கேட்பவை வானத்து நட்சத்திரங்கள் அல்ல. சிசுக்கள் உள்ள காம்பராவில் இரண்டாவது ஆயா வேண்டும். சமைப்பவள் வேறு, பிள்ளை பார்ப்பவள் வேறாக இருக்க வேண்டும். பாலூட்டும் தாயை அருகிலுள்ள மலைக்கே பேர்போட வேண்டும். அவள் நடந்த நேரம் இடைவேளையிலிருந்து கழிக்கப்படலாகாது. அவளுடைய நியமம் அதற்கேற்பக் குறைக்கப்பட வேண்டும். அந்த இடைவேளை கங்காணி சொல்லும் மணிக்கன்றிப் பிள்ளை விழிக்கும் மணிக்கு உரியதாக வேண்டும். அது எப்படி முடியும் என்று துரைமார் கேட்பர். இன்று கங்காணியின் சட்டைப்பையிலே கைத்தொலைபேசி இருக்கின்றது. கொழுந்தின் நிறையையும் ஆட்களின் தொகையையும் நொடியில் அறிவிக்கும் அக்கருவி, "உன் பிள்ளை எழும்பிவிட்டது, வா" என்ற ஒரு சொல்லைக் கொண்டுசெல்ல மறுக்குமா?

ஆசிரியர்களுக்கு இதில் செய்வதற்கு ஒன்றுண்டு. அது அனுதாபம் தெரிவிப்பது அன்று. பிள்ளைக் காம்பராவிலே பிள்ளை உறங்காது, அழுது மெலிகின்றது என்று தாய் கண்டால் என்ன செய்கின்றாள்? மூத்த மகளைப் பாடசாலையிலிருந்து மறித்துவிடுகின்றாள். ஆறாம் ஏழாம் வகுப்புச் சிறுமி லயத்திலே தொட்டில் ஆட்டிக்கொண்டிருக்கின்றாள். கொழுந்து மிகுந்த மாதங்களிலே வரவுப் பதிவேட்டில் விழும் சிவப்புக் கோடுகளைக் கண்டு, பெற்றோருக்குக் கல்வியின் அருமை தெரியவில்லை என்று நாம் எளிதிலே தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். அடுத்த கொழுந்துக் காலத்தில் அப்பதிவேட்டைக் கையிலெடுத்துக்கொண்டு ஆசிரியரும் உயர்வகுப்பு மாணவரும் லயம் லயமாகச் செல்லட்டும். எந்தச் சிறுமி எந்தத் தம்பியை உறக்குவதற்காக எத்தனை நாள் வரவில்லை என்று குறித்துக்கொள்ளட்டும். அவள் தாயின் பிள்ளைக் காம்பராவிலே எத்தனை சிசுவுக்கு எத்தனை ஆயா என்பதையும் அதன் பக்கத்திலே எழுதி, அந்தத் தாளைத் தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டிக் கூட்டத்திலே எழுந்து நின்று வாசிக்கட்டும்.